மெரினாவில் மறைந்த சூரியன்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவது எங்கள் வயதுக்காரர்களின் வியாதி. பெகுவில் பிறந்தவர், ரங்கூனில் வேலை, வயது 26. தமிழில் எழுதிய 11 சிறுகதைகள் கையில் இருக்கின்றன. பேய்க்கதை இரண்டு, காதல் மூன்று, ராஜா ராணி வரும் சரித்திரக் கதை ஒன்று, மிச்சமெல்லாம் சென்னையில் நடக்கும் குடும்பக் கதைகள். இணையவழிப் பயிற்சி வகுப்பு ஒன்றில், 'முதலில் உன் களம் எது என்று முடிவு செய், பிறகு பேனாவைத் தொடு' என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று மாதமாக ஒரு வரியும் ஓடவில்லை. என் களம் எது, நான் பர்மா எழுத்தாளனா தமிழ் எழுத்தாளனா, எந்தப் பெயரில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என்னிடம் மட்டும் இருப்பது ஏதாவது உண்டா, இல்லை எல்லாரும் அரைத்த மாவையே நானும் அரைக்கிறேனா? அந்த பயத்துக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பேர் பெற்ற எழுத்தாளன் இல்லை. 40 வருடத்தில் 60 சொச்சம் கதை எழுதியிருப்பேன், பாதிதான் அச்சில் வந்தது. ஆனால் கோயில் ஆண்டு மலருக்கு வரும் கதைகளைப் படித்துத் திருத்தும் வேலையை 20 வருடம் பார்த்தேன். நம் பிள்ளைகள் கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் என் மேஜையைக் கடந்து போயிருக்கின்றன. இங்கே சொல்வதெல்லாம் அந்த மேஜையில் கற்றதுதான். நாவல் எழுதியதில்லை, எழுத்தால் சம்பாதித்ததும் இல்லை. அந்த இரண்டுக்கும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

1986-ல் எனக்கு 22 வயது. சென்னை வார இதழ் ஒன்று சிறுகதைப் போட்டி வைத்திருந்தது. அந்த இதழ் எனக்கு ஆறேழு மாதம் பழசாகத்தான் கிடைக்கும். ஊருக்குப் போய் வந்தவர் யாராவது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார்கள். போட்டி முடிந்துபோனது தெரிந்தும் எழுதினேன். மெரினாவில் உட்கார்ந்து ஒரு ஜோடி பிரிகிறது. கடைசி வரி இன்னும் மனப்பாடம்: 'மெரினா கடலுக்குள் சூரியன் மெல்ல மூழ்கியது, அவர்கள் காதலும்தான்.' அந்தத் 'தானை' நினைத்து நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை. மூன்று மாதம் கழித்து ஏர்மெயில் கவரில் கதை திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே வரி: 'தம்பி, மெரினாவில் சூரியன் உதிக்கும். மறையாது.'

வெட்கத்தில் அதை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அதுவரை நான் பார்த்திருந்த ஒரே கடல், பசைன் மாமா கூட்டிப்போய்க் காட்டிய சாவுங்தா. அதுவும் வங்கக் கடல்தான், ஆனால் இந்தக் கரை. சென்னைக்காரர்களுக்குச் சூரியனைக் கொடுக்கிற அதே கடல், இங்கே அதை வாங்கிக்கொள்கிறது. பார்க்காத மெரினாவை எழுத உட்கார்ந்தேன், கை நான் பார்த்த கடலை எழுதிவிட்டது. அந்தக் கதை முழுக்க சினிமாவில் பார்த்து எழுதியது. அதில் நானே கண்ணால் பார்த்து எழுதிய ஒரே வரி, அந்தத் தப்பான வரி.

அதனால் உங்கள் பயிற்சி வகுப்புக்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. களத்தை முடிவு செய்துவிட்டு எழுத உட்கார்ந்து உருப்பட்ட ஒருவரையும் என் மேஜையில் நான் பார்க்கவில்லை. எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்கும்போதுதான் களம் கண்ணில் படும், அதுவும் பெரும்பாலும் வழுக்கிய இடங்களில். ஒரு பெண் கோயம்புத்தூரில் நடக்கிற கதை எழுதிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு அம்மா கல்லில் சந்தனம் அரைத்து இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசி அனுப்புகிறாள். கோயம்புத்தூரில் எந்த அம்மா அப்படிச் செய்வாள்? அது நம் ஊர்த் தனாக்கா மரச்சாந்து. தன் வீட்டுத் திண்ணையில் தினம் பார்ப்பதைப் பெயர் மாற்றி அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இன்னொரு பையனின் கதையில், மதுரை ஓட்டலில் கதாநாயகன் சர்வரைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தமிடுகிற மாதிரி சத்தம் கொடுக்கிறான். நம் டீக்கடையில் அப்படித்தான் கூப்பிடுவோம். மதுரையில் கூப்பிட்டால் அடி விழும். இரண்டு பேரிடமும் தப்பைச் சுட்டிக்காட்டினேன். அந்தப் பெண் கோயம்புத்தூரை அடித்துவிட்டு ரங்கூனில் இருக்கிற தாம்வே என்று எழுதினாள், சந்தனத்தை அடித்துவிட்டுத் தனாக்கா என்று எழுதினாள். வேறு எதையும் மாற்றவில்லை. ஆனாலும் கதை எழுந்து உட்கார்ந்துவிட்டது. பையன் என்ன செய்தான் தெரியுமா? முத்தச் சத்தத்தை எடுத்துவிட்டு 'சர்வர்!' என்று போட்டான். தப்பு போய்விட்டது, கதையும் போய்விட்டது.

ஆகவே உங்கள் 11 கதைகளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிற பத்திகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவை பெரும்பாலும் பிறரிடமிருந்து வந்தவையாக இருக்கும். சென்னைக் கதைக்குள் சென்னைக்குப் பொருந்தாமல் நிற்கிற சின்னச் சாமான்களைத் தேடுங்கள். மழை எத்தனை மாதம் பெய்கிறது? வீட்டுக்குள் யார் எந்த உயரத்தில் உட்கார்கிறார்கள்? கல்யாண வீட்டில் முதலில் என்ன கொடுக்கிறார்கள்? உங்கள் கதையில் சென்னையில் ஜூன் மாதம் விடாமல் மழை கொட்டினால், அது பெகு மழை.

கதையின் எலும்பை வெளியிலிருந்து வாங்குவதில் கூச்சப்பட வேண்டாம். பர்மிய மொழியின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது 1904-ல் ஜேம்ஸ் லா ஜோ எழுதியது. அதன் பின்னல் பிரெஞ்சுக்காரரான டூமாவின் மான்டி கிறிஸ்டோ கதையிலிருந்து வந்தது. ஆனால் நடமாடியது மவுங் யின் மவுங்கும் மா மே மாவும். பின்னல் கடன், மண் சொந்தம். கடன் வாங்கியது யாருக்கும் உறுத்தவில்லை.

இரண்டாவதாக உறுதியாகச் சொல்வது, யாருக்கு விளக்கம் சொல்லாமல் எழுதுகிறீர்கள் என்பதைப் பற்றி. என் கணக்கில் ஓர் எழுத்தாளன் யார் என்பது பிறந்த ஊரையும் மொழியையும் விட இதில்தான் அதிகம் தெரிகிறது. உதாரணம் காட்டுகிறேன். உங்கள் ஆள் காலையில் கடையில் சாப்பிடுகிறான். ஒரு விதமாக இப்படி எழுதலாம்: 'அவன் மொய்ங்கா சாப்பிட்டான். மொய்ங்கா என்பது மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டு உண்ணும் பர்மியர்களின் காலை உணவு.' இதை எழுதியவர் சென்னை வாசகருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கிறார். 'பர்மியர்களின்' என்ற சொல்லைக் கவனியுங்கள்; அதை எழுதியவரே தினம் அதைத்தான் சாப்பிடுகிறார். இன்னொரு விதம்: 'அவன் இட்லி சாப்பிட்டான்.' இது பயந்தவரின் வாக்கியம். மூன்றாவது: 'மொய்ங்காவில் இன்றைக்கு வாழைத்தண்டையே காணோம். கடைக்காரம்மாவிடம் கேட்கலாமென்றால் போன வாரப் பாக்கி இன்னும் நிற்கிறது.' மொய்ங்கா என்றால் என்னவென்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலியில் இருந்து படிக்கிறவருக்கும் அது சாப்பாடு என்பது தெரியும், வாழைத்தண்டு போடுவார்கள் என்பது தெரியும், இவன் கையில் காசில்லை என்பதும் தெரியும். விளக்கம் சொல்லாமல் விட்டால் வாசகர் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். ஓடமாட்டார். பாக்கி வைத்திருப்பவனின் கூச்சம் எந்த ஊர் வாசகருக்கும் தெரிந்ததுதான்.

ப. சிங்காரம் இதற்கு நல்ல சாட்சி. சிங்கம்புணரிக்காரர், சின்ன வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர், 1946-ல் திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் காலம் தள்ளியவர். எழுதியது இரண்டே நாவல்கள். இரண்டும் கடல் கடந்த வாழ்க்கையைப் பற்றியவை. 'புயலிலே ஒரு தோணி'யில் மெடான் தெருப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் நம் வீட்டுச் சாமான் மாதிரி புழங்கும். நான் முதல்முறை படித்தபோது பாதிச் சொல் புரியவில்லை, ஆனால் ஓர் இடத்திலும் வெளியே நிற்கிற மாதிரித் தோன்றவில்லை. இவர் மதுரைக்காரருக்குச் சுற்றுலா காட்டவில்லை, தன்னோடு மெடானில் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார், நாம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்கிறோம் என்று பட்டது.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்கிறேன். பர்மாவைப் பற்றி வெளி உலகம் அதிகம் படித்த ஆங்கில நாவல், இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1934-ல் வெளியிட்ட 'பர்மிய நாட்கள்'. அதில் நம் ஆள் மாதிரி பெயருள்ள ஒருவர் வருகிறார், டாக்டர் வீராசாமி. நல்ல மனிதர், வெள்ளைக்காரர் ஆட்சியை வெள்ளைக்காரரிடமே உயர்த்திப் பேசுகிறவர். ஆர்வெல் அவரைக் கேவலப்படுத்தவில்லை. ஆனாலும் வீராசாமி காலையில் தன் வீட்டுக்குள் யாரை எப்படிக் கூப்பிட்டார், எந்த மொழியில் கோபப்பட்டார் என்பது எனக்கு அந்தப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஆர்வெல் நின்ற இடத்திலிருந்து வராந்தா வரைக்கும்தான் தெரியும். வராந்தாவுக்கு உள்ளே இருந்து எழுத ஆள் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

இனி வகை. பேயா, காதலா, சரித்திரமா என்று கேட்டால், அதுவே களம் ஆகிவிடாது. பேய்க்கதை எழுதுகிறவர் ஆயிரம் பேர். ஆனால் நம் அக்கம்பக்கத்துப் பர்மியர் வீடுகளில் ஒரு மூலையில் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் தொங்குமே, கவனித்திருப்பீர்கள். அது மகாகிரி நாட் என்ற வீட்டுத் தேவதைக்கு. தகவுங் ராஜா பயந்துபோய்ச் சண்பக மரத்தில் கட்டி எரித்த கருமானின் ஆவி அது. எரிந்தவனுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று இளநீர் நிறைந்த தேங்காய். நம் வீட்டில் தேங்காயைத் தெய்வத்துக்கு முன்னால் உடைப்போம். பக்கத்து வீட்டில் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தமிழ்க் குடும்பம் பர்மியர் வீட்டை வாடகைக்கு எடுக்கிறது. மூலையில் பழைய தேங்காய் தொங்குகிறது. மாமியார் வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தேங்காய் இல்லையென்று அதை எடுத்து உடைத்துவிடுகிறாள். நான் பேய்க்கதை எழுதத் தெரியாதவன், எனக்கே முதுகு சிலிர்க்கிறது. உங்கள் இரண்டு பேய்க்கதையிலும் வெள்ளைப் புடவையும் சலங்கைச் சத்தமும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை வேறு யாரும் எழுதலாம். இந்தத் தேங்காயை எழுதப் பக்கத்து வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது, அதற்கு நானே பத்து வருடம் பலியானேன். பர்மாத் தமிழன் எழுதுகிறான் என்றதும் எல்லாரும் எதிர்பார்ப்பது இரண்டு கதை. ஒன்று, 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் 1942-ல் லட்சக்கணக்கானோர் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தது. வெ. சாமிநாத சர்மா அந்த நடையைத் தானே நடந்துவிட்டு எழுதினார். இரண்டாவது, 1964. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றாயிற்று, கப்பல் கப்பலாகச் சனம் போனது. தமிழ்நாட்டு வாசகருக்கு ரங்கூன் என்றால் 'பராசக்தி' படத்தின் தொடக்கம், பர்மா பஜார், அகதி. எங்கள் மலருக்கு வந்த கதைகளில் மூன்றில் ஒன்றாவது நடைப் பயணக் கதையாகத்தான் இருக்கும். எழுதியவர்களில் யாரும் நடந்தவர்கள் இல்லை, நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இல்லை. நடந்தவர்களும் கப்பல் ஏறியவர்களும் போய்விட்டார்கள், தம்பி. நாம் போகாதவர்களின் பிள்ளைகள். போனவர்களின் கதையை அவர்கள் சொல்லிவிட்டார்கள், சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். ஏன் போகவில்லை என்பதை யார் எழுதினார்கள்?

என் அப்பா கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசியில் போகவில்லை. தேசப்பற்றா, பயமா, பணமா என்று பெரிய காரணங்களாகவே நான் யோசித்துவந்தேன். அம்மா சாகும் முன் ஒரு நாள் சொன்னார்: 'பசு சினையா இருந்துச்சு. இந்த நேரத்துல விட்டா யாருக்கும் புண்ணியமில்லைன்னாரு. கன்னு போட்டதும் அடுத்த கப்பல்ல போகலாம்னாரு.' கன்று போட்டது. அப்பா போகவில்லை. அந்த வருடம் நானும் பிறந்தேன். அந்தப் பசுவைப் பற்றி எழுதிய கதைதான் என் 60 கதையில் யாராவது நினைவில் வைத்திருப்பது. அதற்கு முன் எழுதிய நடைப் பயணக் கதைகளில் மலைப்பாம்பு, காலரா, வழியில் விட்டுப்போன குழந்தை எல்லாம் இருந்தன, ஒரு பசு கூட இல்லை. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். போகாததற்குக் காரணம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் சொல்லக் கூச்சப்படுகிற அளவுக்குச் சின்னதாக.

இதுவரை சொன்னதை நான் உறுதியாக நம்புகிறேன். இனி வருவதில் எனக்கே இரண்டு மனம். ஒரே வகையில், ஒரே களத்தில் நிலைத்து நிற்க வேண்டுமா? சிங்காரத்தைச் சொன்னேன், ஒரே இடத்தை ஆழமாகத் தோண்டியவர். ஆனால் புதுமைப்பித்தனைப் பாருங்கள். 42 வயதில் போய்விட்டார், அதற்குள் பேய் மாதிரி ஒன்று நடமாடும் 'காஞ்சனை', சிவபெருமானைச் சென்னைத் தெருவுக்கு இறக்கிய கதை, அகலிகையின் கதை, ஏழைக் குமாஸ்தாவின் கதை. எதிலும் ஒரே குரல், ஒரே நக்கல். அவருக்குக் களம் என்று ஒன்று இருந்ததா, இல்லை குரல்தான் களமா? என் சாய்வு குரலின் பக்கம். ஆனால் எனக்குப் பிடித்த எழுத்தாளரை வைத்துச் சொல்கிறேன், அதனால் பாதியைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தொடர்கதை எழுதிக் காசு பார்க்கிறவர்கள் ஒரே வகையில் நிற்பதே லாபம் என்கிறார்கள். அவர்கள் கணக்கில் சரியாக இருக்கலாம்.

களத்தை நாம் தேர்ந்தெடுக்காமல் அதுவே நம்மைப் பிடித்து உட்காரவைப்பதும் உண்டு. மந்தலே பத்திரிகைக்காரர் லூடு ஊ லா 1950களில் ரங்கூன் சிறையில் அடைக்கப்பட்டார். கூட இருந்த கைதிகளிடம் ஒவ்வொருவராகக் கதை கேட்டு அவர்கள் வாய்மொழியிலேயே எழுதினார். பிற்பாடு அந்தப் புத்தகங்களுக்கு யுனெஸ்கோ வரை மரியாதை கிடைத்தது. அவர் களம் தேடி ஜெயிலுக்குப் போகவில்லை.

பர்மா எழுத்தாளனா தமிழ் எழுத்தாளனா என்ற கேள்விக்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும். 1965-ல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் எழுத்து நமக்குக் கோயில் திண்ணையில், சாயங்கால வகுப்பில், கற்பிக்க ஆள் இருந்த வருடங்களில் மட்டும் கிடைத்தது. என் அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. நாள் முழுக்கத் தமிழில் பேசுவார், திட்டுவார், மாரியம்மன் தாலாட்டு முழுக்கப் பாடுவார். ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. நான் விளக்கமே சொல்லத் தேவையில்லாத வாசகர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். அவரால் என்னைப் படிக்க முடியாது. அதனால் வாசித்துக் காட்டுகிறேன். சாயங்காலம், கரண்ட் இருந்தால் விளக்கில், இல்லையென்றால் செல்போன் வெளிச்சத்தில். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். பிடிக்காத இடத்தில் கை நிற்காது. கதை பிடித்துவிட்டால் கீரை மடியிலேயே கிடக்கும். ஒரு கதையில் டீக்கடை ஸ்டூலில் காலைத் தொங்கப் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். 'அந்த ஸ்டூல்ல உக்காந்தா முட்டி தாவாக்கட்டையில இடிக்கும், இவன் எங்கேருந்துடா காலைத் தொங்கப் போட்டான்?' என்றார். இருபது வருடமாகத் தினம் உட்கார்கிற ஸ்டூல், எனக்குத் தெரியவில்லை. என் வாக்கியங்கள் சின்னதானது எந்த இலக்கிய முடிவாலும் இல்லை. நீளமாக எழுதினால் அக்கா நடுவில் குழம்புக்கு உப்புப் போட எழுந்துவிடுவார்.

ஆகவே நான் பர்மா எழுத்தாளனா தமிழ் எழுத்தாளனா என்று யாராவது கேட்டால், அக்காவுக்கு எழுதுகிறவன் என்பேன். பர்மிய மொழியில் எழுதியிருந்தால் நம் தெருப் பிள்ளைகள் அதிகம் படித்திருப்பார்கள், அது உண்மை. நம்மவர் சிலர் அப்படி எழுதுகிறார்கள், தப்பே இல்லை. அந்தத் தேர்வில் உங்களுக்கு வழிகாட்ட நான் சரியான ஆள் அல்ல. எந்த மொழியில் உங்களுக்குக் கோபம் வருகிறதோ அதில் உரையாடல் நன்றாக வரும் என்பது மட்டும் என் அனுபவம். வீட்டில் பேசுகிற மாதிரி பர்மியச் சொல் தமிழில் கலந்து வந்தால் அப்படியே விடுங்கள். மேற்கோள் குறி போட்டு அதைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

பெயர் விஷயம் சுருக்கமாக. நம்மில் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், மட்பொன்தின் என்கிற அடையாள அட்டையில் ஒரு பெயர். எதைப் போடுவது என்று நீங்கள் குழம்புவது நியாயம். பர்மிய எழுத்தாளர்களின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஜர்னல்ஜோ மா மா லே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டது, அவரும் கணவரும் நடத்திய வார இதழின் பெயரை. லூடு ஊ லாவுக்கு 'லூடு' வந்ததும் அவர் பத்திரிகையிலிருந்துதான். வேலை முதலில் நடந்தது, பெயர் அதிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நீங்கள் இப்போதைக்கு அம்மா கூப்பிடுகிற பெயரைப் போட்டு அனுப்புங்கள். 11 கதையும் வெளிவராத ஒருவருக்குப் புனைபெயர் ஒரு சுகமான தள்ளிப்போடல். நானும் மூன்று புனைபெயர் வைத்திருந்தேன், கதை எழுதாத மாதங்களில்.

செய்ய வேண்டியது என்று ஒன்று கேட்டால், பேய்க்கதைகளில் ஒன்றை எடுத்து, அதைச் சென்னையிலிருந்து பெகுவில் உங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து திரும்ப எழுதுங்கள். எழுதி முடித்ததும் இணையத்தில் போடாதீர்கள். அந்தத் தெருவிலேயே வளர்ந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'நல்லாருக்கு' என்று சொன்னால் அதை நம்பவேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தி 'அது அப்படி இல்லையே' என்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்த அன்று அரிசி டின் ஞாபகம் வந்து அந்த மெரினாக் கதையை எடுத்தேன். தாள் பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். மெரினாவை அடித்துவிட்டுச் சாவுங்தா என்று போட்டேன், சூரியனை இருந்த இடத்திலேயே விட்டேன். நேற்று ராத்திரி அக்காவிடம் வாசித்தேன். கீரை பாதியில் நின்றது. கடைசி வரி முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, 'ரெண்டு பேர் கடற்கரையில அவ்வளவு நேரம் உக்காந்து அழுதிருக்காங்க, நண்டு விக்கிறவ ஒருத்தி கூடவா வரலை?' என்றார். இன்றைக்கு அவளைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.